நாலாம் நாள் பாயசம்

கேம்ப்பாம் கேம்ப்பு. தூ!

ஐயோ, உங்களைச் சொல்லலைங்க. மலை எறங்கி முடியற வரைக்கும் அந்த ஜன்னல் பக்கத்தை மட்டும் எனக்கு விட்டுக் குடுங்க. இருபது வளைவும் என் வயித்துக்குள்ளதான் சுத்தும். ஆங், போதும். நல்லா இருப்பீங்க. என்ன, கண்ணு செவந்திருக்கா? அழுகையெல்லாம் இல்லைங்க. வெங்காயம். நாலு நாளா நாப்பது பேருக்கு வெங்காயம் உரிச்ச கண்ணு வேற எப்படி இருக்கும்?

பிள்ளைங்களுக்குத்தான் சமைச்சேன். சர்க்கரை வியாதி வந்த பிள்ளைங்க. ஆமாங்க, பிள்ளைங்களுக்கு. பாத்தீங்களா, நீங்களும் என்னமோ மாதிரி பாக்கறீங்க. சொன்னா ஊரே இப்படித்தான் பாக்கும். பெரியவங்களுக்கு வர்றது வேற, இது வேற. மிட்டாய் தின்னு வர்றதில்ல இது. உடம்புல இன்சுலின் ஊறறதே நின்னு போயிரும். சாப்பிடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வேளையும் ஊசி. போடலைன்னா உசுரு இல்ல. அஞ்சு வருஷமா நான் படிச்ச படிப்பு இது. எம் பொண்ணு சுபிக்ஷாவுக்கு ஏழு வயசுல வந்துச்சு. இப்பப் பன்னண்டு.

உங்ககிட்ட சொல்றதுல ஒண்ணும் இல்ல. நீங்க ஓசூரு, நான் ராசிபுரம். எறங்கினா நீங்க யாரோ நான் யாரோ. எங்க ஊர்ல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதுங்க. என் நாத்தனாருக்கே தெரியாது. பொண்ணுக்கு வயித்துக் கோளாறுன்னு சொல்லி வெச்சிருக்கேன். பொட்டப் பிள்ளை, நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகணுமில்ல? நான் ஸ்கூல்ல சத்துணவு அமைப்பாளர். அவளும் அதே ஸ்கூலு. மத்தியானம் மணி அடிச்சதும் ஸ்டோர் ரூமுக்கு வந்துருவா. அரிசி மூட்டை மேல உக்கார வெச்சு, கதவைச் சாத்தி, நானே ஊசி போட்டு அனுப்புவேன். அஞ்சு வருஷமா ஒரு டீச்சர் கண்ணுல பட்டதில்ல. அவ அப்பா ரெண்டு தடவை போட வந்தாரு. கரண்டு கம்பத்துல ஏறுற மனுசன், பிள்ளை தொடையப் பாத்ததும் கை நடுங்குது. தள்ளிப் போங்கன்னுட்டேன். அதோட சரி.

அந்த மனுசன்தான் இப்ப இதுல கையெழுத்துப் போட்டது. என்னைக் கேக்கல. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா ஒரு காகிதத்தை நீட்டினாங்களாம். ஏற்காட்டுல ஆறு நாள் கோடைக் கேம்ப்பு, இதே மாதிரி முப்பத்திரெண்டு பிள்ளைங்க, அப்பா அம்மா யாரும் இருக்கக் கூடாது. இவரு தலையாட்டிட்டு வந்துட்டாரு. "சுபி போறேன்னு சொன்னாடி"ங்கறாரு. அவ சொன்னாளாம்! அவளுக்கு என்ன தெரியும்? அவ கிணத்துல குதிக்கறேன்னு சொன்னா கயிறு வாங்கிக் குடுப்பாரு இவரு.

சரி, கொண்டு போய் விட்டேன். விட்டுட்டு கேட் வாசல்லயே நின்னுட்டேன். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். வாட்ச்மேன் ரெண்டு தடவை வந்து கேட்டான். பஸ் இல்லைன்னேன். என் கண்ணு முன்னாடி பஸ் போகுது, இல்லைன்னேன். அப்பத்தான் பாருங்க, சமையல்காரம்மாவுக்கு ஒத்தாசைக்கு இருந்த பொண்ணுக்கு அம்மை போட்டுருச்சு. உள்ள ஒரே கலவரம். நான் போய் டாக்டரம்மா முன்னாடி நின்னேன். "தெனம் நூத்தி எம்பது பிள்ளைக்குச் சோறு போடறவ நான். இந்த நாப்பது பேரு எனக்குப் பெரிசில்ல"ன்னேன். அவங்க ரொம்ப யோசிச்சாங்க. "உங்க பொண்ணோட ஊசியில, சாப்பாட்டுல நீங்க தலையிடக் கூடாது. முடியுமா?"ன்னாங்க. முடியும்னேன். வேற என்ன சொல்றது?

உள்ள போய்ப் பாத்தா... எப்படிச் சொல்வேன் அந்தக் கூத்தை! ஒரு நீளமான வராந்தா. சாப்பாட்டுக்கு முன்னாடி அத்தனை பிள்ளைங்களும் வரிசையா உக்காந்து, ஊரறிய விரல்ல குத்திக்கறாங்க. சர்க்கரை பாக்கற மெஷின்ல என்ன நம்பர் வருதோ அதை லாட்டரி ரிசல்ட் மாதிரி கத்தறாங்க. "நூத்தி நாப்பது!" "இருநூத்திப் பத்து!" "ஐயையோ, எனக்கு முந்நூறு!" முந்நூறுக்கு ஒரு சிரிப்பு! எம் பொண்ணுக்கு முந்நூறு வந்த அன்னிக்கு எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சதில்லைங்க. இங்க என்னடான்னா கை தட்டறாங்க. அப்புறம் சட்டையத் தூக்கி வயித்துல அவங்கவங்களே ஊசி. எட்டு வயசுக் குஞ்சுல இருந்து. எஸ்தர்னு ஒரு வாண்டு, அரூர்ப் பக்கம், மூணு பல்லு இல்ல. அது போட்டுக்குது. போட்டுட்டுப் பக்கத்துல இருக்கறவளுக்கு யோசனை வேற சொல்லுது.

இதுக்கெல்லாம் மேல ஒருத்தி. பர்ஹானான்னு பேரு. இருபத்திரெண்டு வயசு இருக்கும். ஜீன்ஸ் பேன்ட்டு, தோள்ல ஒரு பை, வாய் ஓயாத பேச்சு. பிள்ளைங்களுக்கு லீடராம். இவளுக்கும் ஆறு வயசுல இருந்து இதே வியாதிதானாம். அதை என்னமோ காலேஜ்ல மெடல் வாங்கின மாதிரி சொல்றா. "குணவதி அக்கா, நான் பதினாறு வருஷமா ஊசி போடறேன், பாருங்க எப்படி இருக்கேன்!" எப்படி இருக்கா? பேன்ட்டு போட்டுக்கிட்டு ஊர் பிள்ளைங்களோட மலை மேல குதிச்சுக்கிட்டு இருக்கா. கல்யாணம் ஆகலையான்னு கேட்டேன். சிரிச்சா. சிரிக்க என்ன இருக்கு இதுல? அவளைப் பெத்தவ எந்த மூலையில உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காளோ.

எம் பொண்ணு மொத நாள் கையக் கட்டிக்கிட்டு ஓரமா நின்னா. எனக்கு உள்ளுக்குள்ள திருப்தி. பாத்தியா, நான் வளத்த பிள்ளை, நாலு பேரு முன்னாடி சட்டையத் தூக்க மாட்டான்னு. சமையல்கட்டு ஜன்னல் வழியா என்னைப் பாத்தா. வான்னு கண்ணைக் காட்டினேன். இங்கயும் ஸ்டோர் ரூம் சாவி என்கிட்டதான் இருந்துச்சு. அதுக்குள்ள அந்த எஸ்தர் வாண்டு போய் இவ கையப் புடிச்சுடுச்சு. "அக்கா, உங்களுக்குப் போட்டுக்கத் தெரியாதா? நான் சொல்லித் தரட்டா?" இவளுக்கு ரோஷம் வந்துருச்சு. போட்டுக்கிட்டா. மொத தடவையே. வலிச்சிருக்கும், மூஞ்சிய வெச்சே எனக்குத் தெரியும். ஆனா என் பக்கம் திரும்பல. அந்த வாண்டு பக்கம் திரும்பி "இவ்வளவுதானா?"ன்னா.

இவ்வளவுதானாம்! அஞ்சு வருஷம் நான் போட்டது இவ்வளவுதானாம்.

ரெண்டாம் நாள் மாம்பழம். ஆமாங்க, மாம்பழம். நான் வீட்டுக்குள்ள மாம்பழம் வாங்கி அஞ்சு வருஷமாச்சு. பக்கத்து வீட்டுல வாசனை வந்தா ஜன்னலைச் சாத்திருவேன். இங்க சேலத்து மாம்பழத்தைத் தராசுல நிறுத்து, துண்டு போட்டு, "இதுல இவ்வளவு மாவுச்சத்து, இதுக்கு இவ்வளவு ஊசி, கணக்குப் போடுங்க பாக்கலாம்"னு அந்த பர்ஹானா பாடம் எடுக்கறா. விஷத்தைக் குடுத்துட்டு அதுக்கு மருந்தும் குடுக்கற பாடம். சுபி அந்தத் துண்டை எப்படித் தின்னா தெரியுமா? கண்ணை மூடிக்கிட்டு. தோலைக் கூட விடல. அடுத்த வேளை குத்திப் பாத்தா நூத்தி முப்பது. தப்பிச்சுட்டாங்க. அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும்.

மூணாம் நாள் அவ சிரிக்கற சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. சமையல்காரம்மா கேக்கறாங்க, "யாருங்க அந்தப் பிள்ளை, இப்படிச் சிரிக்குது?" நான் எட்டிப் பாத்தாத்தான் எனக்கே தெரியுது. எம் பொண்ணுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கறது. பல்லைக் காட்டிக்கிட்டு, அடக்கமே இல்லாம. எல்லாம் அந்தக் கூட்டத்தோட சேர்க்கை.

இன்னிக்கு நாலாம் நாள். அந்த வாண்டுக்குப் பொறந்த நாளு. காலையில இட்லியோட ஆளுக்கொரு கப்பு பால் பாயசம்னு முடிவு பண்ணிட்டாங்க. சாப்பிட்டுட்டு எஸ்டேட் வழியா ஒரு பாறை வரைக்கும் நடையாம். பாயசம் வெச்சது யாரு? நான். ஒரு கப்புக்கு எவ்வளவு சர்க்கரைன்னு எழுதி அடுப்புக்கு மேல ஒட்டி வெச்சிருந்தா அந்த பர்ஹானா. நான் கிளறிக்கிட்டே நினைச்சேன். ஒரு தாய் தன் கையால, சர்க்கரை வியாதி இருக்கற தன் பிள்ளைக்குச் சர்க்கரைய அள்ளிப் போடுவாளா? ஊர் பிள்ளைங்களுக்குப் போடு, அவங்க பெத்தவங்க பாடு. எம் பிள்ளைக்கு?

தனியா ஒரு சின்னப் பாத்திரத்துல வெச்சேன். சர்க்கரை ஒரு பொட்டு இல்ல. இனிப்புக்கு வீட்டுல இருந்து கொண்டு வந்த மாத்திரை. சேமியாவும் ரெண்டு மூணு இழைதான், பேருக்கு. ஏலக்காய் தூக்கலாப் போட்டேன். பாத்தா வித்தியாசமே தெரியாது. அவ கப்பை நானே கொண்டு போய் அவ கையில குடுத்தேன். "நல்லா இருக்கும்மா"ன்னு சொன்னா. நாலு நாள்ல எனக்குக் கெடைச்ச ஒரே நல்ல வார்த்தை அதுதாங்க.

அப்புறம் நடை. நான் புளிசாதப் பொட்டலத்தோட ஜீப்புல போகணும். ஜீப்புல பொட்டலத்தை மட்டும் ஏத்திட்டு நான் பின்னாலயே நடந்தேன். தூரத்துலதான், யாருக்கும் தொந்தரவு இல்லாம. காப்பிச் செடி நடுவுல சரிவு. என்ன வெயில்! பிள்ளைங்க கத்திக்கிட்டுப் போகுதுங்க. முக்கா மணி நேரம் இருக்கும், சுபி நடை தள்ளாடுச்சு. எனக்கு அவ முதுகைப் பாத்தாலே தெரியும். வேர்வை சட்டையோட ஒட்டியிருக்கு. ஒரு கல்லு மேல உக்காந்துட்டா.

நான் எப்படி ஓடினேன்னு தெரியலைங்க. செருப்பு ஒண்ணு எங்கயோ போச்சு. "ஐயோ எம் பிள்ளையக் கொன்னுட்டாங்களே!"ன்னு கத்திக்கிட்டே ஓடறேன். போய்த் தூக்கப் போனா குறுக்க வந்து நிக்கறா அந்த பர்ஹானா. "அக்கா, தொடாதீங்க. அவளுக்குத் தெரியும். அவ பண்ணட்டும்"ங்கறா. அவ பண்ணட்டுமா? உதடு வெளுத்துப் போய் உக்காந்திருக்கு பிள்ளை, அவ பண்ணட்டுமா?

விட்டேன் ஒரு அறை. கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சுச்சு. அந்தப் பொண்ணு கன்னத்தைத் தொட்டுக் கூடப் பாக்கலைங்க. என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. என்ன அழுத்தம் பாருங்க அவளுக்கு.

சுபி அதுக்குள்ள இடுப்புப் பையத் திறந்து, நடுங்கற கையோட விரல்ல குத்திப் பாத்துட்டா. "அம்பத்து நாலு. லோ"ன்னா. சர்க்கரை ரொம்ப எறங்கிருச்சுன்னு அர்த்தம். குரலு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது. குளுக்கோஸ் மாத்திரை டப்பா மூடி திறக்க வரல அவளுக்கு. எஸ்தர் வாண்டு பல்லால கடிச்சுத் திறந்து, மூணு மூணா எடுத்து அவ வாயில வெச்சுது. "மெல்லுங்கக்கா, மெல்லுங்க." மத்த பிள்ளைங்க எல்லாம் அவளைச் சுத்தி உக்காந்துட்டாங்க. யாரும் பயப்படல. பதினஞ்சு நிமிஷம் காத்திருக்கணும்னு அவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. சும்மா உக்காந்திருக்கறதுக்குப் பதிலா அந்தாக்ஷரி வேற ஆரம்பிச்சுட்டுதுங்க. நான் ஒருத்தி கால்ல செருப்பில்லாம அழுதுக்கிட்டு நிக்கறேன், அதுங்க பாடுதுங்க. திரும்பக் குத்திப் பாத்தா எம்பத்தெட்டு. "ஓ"ன்னு ஒரு சத்தம், கை தட்டல்.

என்னை யாரும் கேக்கல. ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேக்கல. இல்ல, கேட்டா. அந்த பர்ஹானாதான் கேட்டா. நான் வேணாம்னுட்டேன்.

கேம்ப்புக்குத் திரும்பினதும் டாக்டரம்மா சுபிய உக்கார வெச்சு, ஏன் எறங்குச்சுன்னு அவளையே கண்டுபிடிக்கச் சொன்னாங்க. நோட்டு வெச்சிருக்காங்க ஒவ்வொருத்தருக்கும். எழுதிப் பாக்கறா. "நடக்கப் போறோம்னு ஊசியக் கொறைச்சுத்தான் போட்டேன். இட்லி மூணு, சரி. பாயசம் ஒரு கப்பு, அதுக்குப் போட்டேன், சரி..." அங்க பேனா நின்னுச்சு. கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பாத்தா. அப்புறம் சமையல்கட்டு வாசல்ல நிக்கற என்னைப் பாத்தா.

"அம்மா, என் பாயசத்துல சர்க்கரை போட்டியா?"

"போட்டேன்டி"ன்னேன்.

"போட்டியா?"

"போட்டேன்கறேன்ல!"

சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு சத்தம் போட்டிருப்பேன். அழுதிருந்தா கட்டிப் புடிச்சிருப்பேன். நோட்டுல பாயசம்னு எழுதியிருந்ததை ஒரே கோடா அடிச்சா. பக்கத்துல "அம்மா"ன்னு எழுதினா. அவ்வளவுதான் எழுதினா. எழுதிட்டு, "நீ வீட்டுக்குப் போம்மா. ரெண்டு நாள் கழிச்சு நான் வந்துடறேன்"னா.

எல்லாரும் இருக்காங்க. சமையல்காரம்மா இருக்காங்க. முப்பத்தோரு பிள்ளைங்க இருக்கு. நாலு நாள்ல என்ன வசிய மருந்து வெச்சாங்க பாருங்க எம் பிள்ளைக்கு! டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு மெதுவாத்தான் பேசினாங்க. இல்லாத சர்க்கரைக்கு ஊசி போட்டா அது ரத்தத்துல இருக்கற சர்க்கரைய எடுத்துரும், அது உங்களுக்கே தெரியுமேன்னாங்க. எனக்கா தெரியாது? அவங்களுக்குப் பாடம் எடுக்கற அளவுக்குத் தெரியும். ஊசிய அவங்க இன்னும் கொறைச்சிருக்கணும். இல்ல, என்கிட்ட விட்டிருக்கணும். ஊசியும் நான் போட்டிருந்தா, பாயசமும் நான் வெச்சிருந்தா, எங்க வந்திருக்கும் இந்த லோ? சொல்லுங்க. எங்க வந்திருக்கும்?

சரி விடுங்க.

மத்தியானம் பையக் கட்டிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த பர்ஹானாவும் சுபியும் வந்தாங்க. பர்ஹானா கன்னத்துல விரல் தடம் லேசாத் தெரியுது. எனக்குத் தண்ணி பாட்டில் வாங்கப் போனா. பெரிய மனுசியாட்டம்! அறை வாங்கினவ தண்ணி வாங்கித் தர்றாளாம். என்னை வெக்கப்பட வெக்கறாளாம். எனக்கென்ன வெக்கம்?

நானும் சுபியும் பெஞ்சுல உக்காந்திருந்தோம். அந்தப் பக்கம் ஒரு பொம்பளை வந்து உக்காந்தா, என் வயசு இருக்கும். சுத்திப் பாக்க வந்த குடும்பம். எந்த ஊருங்கன்னா. வாய் தவறி ராசிபுரம்னுட்டேன். "அட, நம்ம ஊரா! எந்தத் தெரு?"ன்னு கிட்ட நகந்துட்டா. என் நாத்தனார் இருக்கற தெருவுலதான் அவ அக்கா வீடு. பேரெல்லாம் சொல்றா. பேச்சை மாத்தலாம்னு பாக்கறேன், அதுக்குள்ள சுபி எழுந்து போய் சுட்ட சோளக்கருது ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டா. வந்து உக்காந்து, இடுப்புப் பையத் திறந்து, விரல்ல குத்திப் பாத்து, சட்டை ஓரத்தைத் தூக்கி, பேனா மாதிரி இருக்கற இன்சுலின் ஊசிய வயித்துல போட்டுக்கறா. பஸ் ஸ்டாண்டுலங்க! கண்டக்டர் பாக்கறான், வாழைப்பழம் விக்கறவ பாக்கறா.

"அட கடவுளே, என்ன பாப்பா இது?"ன்னா அந்தப் பொம்பளை.

"எனக்கு டைப் ஒன் சர்க்கரைங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி இன்சுலின் போட்டுக்கணும்"னா இவ. மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொல்றா.

அந்தப் பொம்பளை என் பக்கம் திரும்பினா. "உங்க பொண்ணுங்களா?"

நான் யோசிக்கவே இல்லைங்க. வாய் தானா சொல்லிருச்சு. "இல்லைங்க. நான் கேம்ப்புல சமைக்க வந்தவ."

சுபி ஊசிய மூடிக்கிட்டு இருந்தா. மூடி உள்ள போகற வரைக்கும் நிதானமா அழுத்தி மூடினா. மூடி பைக்குள்ள வெச்சா. அப்ப இந்த பஸ்ஸு வந்துருச்சு. பர்ஹானா வாங்கிட்டு வந்த தண்ணி பாட்டிலை உள்ள வெச்சு, என் பைய சுபியே தூக்கிட்டு வந்து, மேல ஏறி, இதோ இந்த சீட்டுக்கு அடியில தள்ளி வெச்சா. அந்தப் பொம்பளை கீழ நின்னு பாத்துக்கிட்டே இருக்கா.

"தண்ணி பைக்குள்ள இருக்குங்க அக்கா. பாத்துப் போங்க"ன்னா சுபி.

அக்காவாம்! திமிரைப் பாத்தீங்களா? பெத்தவள அக்கான்னு கூப்பிடறதுக்கு ஒரு கேம்ப்பு, அதுக்கு ஒரு டாக்டரு, அதுக்கு ஒரு லீடரு. எவ்வளவு நல்லா நடிச்சா தெரியுங்களா? ஒரு சின்ன நடுக்கம் இல்ல குரல்ல. என்னைக் காட்டிக் குடுக்கல.

பஸ்ஸு கெளம்பினப்ப சோளக்கருதைக் கையில வெச்சுக்கிட்டே கை காட்டினா. நானும் காட்டினேன், சமையலுக்கு வந்தவ ஊருக்குப் போறப்ப எப்படிக் காட்டுவாளோ அப்படி. அந்தப் பொம்பளை பாத்துக்கிட்டு நின்னாளே. வேற எப்படிங்க காட்டறது?